மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக (குழுவை முன்நின்று நடத்துபவராக) இருந்தவர்களே, மனதைவிட்டுப் போகாத ஒரு குழுக் கூட்டத்தைச் சொல்லுங்கள்

செம்மண்:
2021 தள்ளுபடி சமயம். கூட்டுறவு வங்கிகளில் மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த மகளிர் குழுக் கடன் 2,756 கோடி ரூபாய் தள்ளுபடி என்று பட்ஜெட்டில் சொன்னார்களே, அப்போது. எங்கள் கடன் வேறு வங்கியில். எங்களுக்குக் கிடையாது, பக்கத்துத் தெருக் குழுவுக்கு உண்டு. அன்று பாதிப் பேர் தவணை கொண்டுவரவில்லை. "நமக்கும் வரும், பொறுங்க" என்றார்கள். நான் விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். பூக்கட்டி விற்கும் ஒரு மூத்த உறுப்பினர் சுருக்குப் பையை அவிழ்த்து, தவணையை எண்ணிப் பாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தாயி, ஒழுங்காக் கட்டுறவ எல்லாம் ஏமாளியா?"

கோபத்தில் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பணம் கொண்டுவராதவர்களையும் குறை சொல்ல மனம் வரவில்லை, ஊரடங்கில் வேலை போனவர்கள். கடன் எப்படியோ கட்டி முடிந்தது. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றும் என்னிடம் பதில் இல்லை.

காவேரிக்கரை:
பதிலை நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்? குழுவிடம் விட்டிருக்கலாம். எங்களில் ஒருத்தி ஆடு வாங்கச் சேமிப்பிலிருந்து உள்கடன் எடுத்து, மகளுக்குச் சடங்கு செய்துவிட்டாள். எங்களுக்கும் பத்திரிகை வைத்தாள், போய்ச் சாப்பிட்டு மொய் எழுதினோம். அடுத்த கூட்டத்தில் ஒருத்தி, "ஆட்டை எங்கடி கட்டியிருக்க?" என்று ஆரம்பித்ததும் ஒரே கத்தல். நான் தடுக்கவில்லை. கத்தி ஓய்ந்த பிறகு அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனி சடங்கோ மருத்துவச் செலவோ, உள்ளதை உள்ளபடி எழுதிக் கேட்கலாம். இதை நான் சொல்லியிருந்தால் ஒருவரும் ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் கடன் எடுத்தவள் வெகுநாள் என்னோடு பேசவில்லை. எல்லோரும் கத்தும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற வருத்தம் அவளுக்கு.

செம்மண்:
காவேரிக்கரை அக்கா, குழுவிடம் விட்டால் கூட்டம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் சாயும். அன்று கட்டாதவர்கள்தான் அதிகம். அந்த அம்மாவைத் தனியாக நிற்கவிட எனக்கு மனமில்லை.

கணக்கு நோட்டு:
இருவருக்கும் சொல்கிறேன். முதலில், ஊக்குநர் வீட்டில் கூட்டம் போடாதீர்கள். போட்டால் குழுச் சண்டை உங்கள் வீட்டுச் சண்டையாகிவிடும். கோயில் மண்டபம், மரத்தடி, எதுவானாலும் பொது இடமாக இருக்கட்டும். பேசியதை அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். அடுத்த கூட்டத்தைத் தொடங்கும்போது அதைச் சத்தமாகப் படியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது பெரிய பலம்.

வங்கிக்கு நீங்கள் மட்டும் போகாதீர்கள். பிரதிநிதிகளோடு, முறைவைத்து ஒரு சாதாரண உறுப்பினரையும் கூட்டிப்போங்கள். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை மேலாளர் வாயாலேயே கேட்டவள் கூட்டத்தில் உங்களைச் சந்தேகப்பட மாட்டாள். அப்புறம், பொறுப்பைச் சுழற்சியில் விடுங்கள். தருமபுரியில் 1989ல் தொடங்கிய குழுக்களின் காலத்திலேயே என் அம்மா உறுப்பினர். ஒரே ஆள் ஊக்குநராக உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் கணக்குப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள் என்பார்.

என் கதை சின்னது. வட்டிக் கணக்கில் சந்தேகப்பட்டு என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனவள்தான் இப்போது எங்கள் ஊக்குநர். நன்றாக நடத்துகிறாள்.

ஊசிநூல்:
எல்லாம் தீர்மானப் புத்தகத்துக்குள் அடங்காது அக்கா. 2020ல் முகக்கவசம் தைத்தோமே, அப்போது ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. பார்வை மங்கிய ஒருத்தியால் வேகமாகத் தைக்க முடியவில்லை. பக்கத்து மிஷின்காரி தான் தைத்ததில் ஒரு கட்டு எடுத்து, சத்தமில்லாமல் அவள் கூடையில் போட்டாள். அதை நானும் பார்த்தேன், இன்னொருத்தியும் பார்த்தாள். "என் பிள்ளைக்குக் காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை. எனக்கு யார் போடுவா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தானே! மறுநாள் அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டிவந்தோம். பார்வை மங்கியவளுக்கு எண்ணிக் கட்டும் வேலையைக் கொடுத்தோம். அதற்குக் கொடுத்த கூலி அதிகம் என்று, அன்று கேள்வி கேட்டவள் இன்னமும் கூட்டத்தில் சண்டை போடுகிறாள்.