பார்வை போன ஆசிரியர் நூல் எழுதும்போது: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வர்த்திலிருந்து:

தமிழ் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சர்க்கரை நோயில் பார்வை போன பிறகு, தம் குடும்பம் கரும்புத் தோட்டத்துக்கு வந்த வரலாற்றை நூலாக்கியிருக்கிறார். முழுவதும் வாயால் சொன்னது. அந்த வேலை நடந்த விதம் மற்றவர்களுக்கும் பயன்படும்.

கைபேசியின் தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாகவே எழுதுகிறது. ஆனால் மூச்சு வாங்கச் சற்று நிறுத்தினாலே தானாக நின்றுவிடும். பார்க்க முடியாதவருக்கு அது தெரியாது. அடுத்துச் சொன்னதெல்லாம் காற்றோடு போகும். அதனால் இன்னொரு கருவியில் ஒலிப்பதிவும் ஓடட்டும். ஒரே கைபேசியில் இரண்டையும் செய்தால் ஒலிவாங்கி ஏதாவது ஒன்றுக்குக் கிடைக்காமல் போகும். ஒரு பதிவு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். "மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் துண்டு" என்று தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை. முற்றுப்புள்ளிக்குக் குரல் தட்டச்சை நம்ப முடியாது. வாக்கியம் முடிந்ததும் மேசையை ஒருமுறை, பத்தி முடிந்தால் இருமுறை விரலால் தட்டச் சொல்லுங்கள். பதிவைக் கேட்டுத் திருத்துபவருக்கு அதுவே நிறுத்தக்குறி.

பீனிக்ஸிலிருந்து:

அக்கா சொன்னது சரி. அதைவிடக் கடினமான இடம் எழுத்துப் பிழை. "பணி" என்று சொன்னால் "பனி" என்று விழும், "கறை" "கரை" ஆகும். கணினித் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதிலுள்ள ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும். ஆனால் அந்தக் குரலில் இந்த வேறுபாடு காதுக்குச் சரியாகப் பிடிபடாது. எனவே பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஐயமான சொல்லை "டண்ணகரமா, றன்னகரமா?" என்று கேட்க வேண்டும். தமிழாசிரியர் நொடியில் சொல்லிவிடுவார். கேட்காமல் நாமே திருத்துவதுதான் நடக்கக்கூடாதது. போனது கண் மட்டும்தான், இலக்கணம் போகவில்லை.

நம் குடும்பப் பெயர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். "கவுண்டர்" என்று எழுதினால் இங்குள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தம் பெயரென்று தெரியாது. "கோவெண்டர்" என்றால் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது. முதல் இடத்தில் "கோவெண்டர் என்று பதிவான கவுண்டர்" என எழுதி, பிறகு ஒன்றையே பின்பற்றலாம். எதை என்பது ஆசிரியரின் முடிவு. 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஓர் எண் உண்டு. அதை இலக்கம் இலக்கமாக இருமுறை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் வேறொரு குடும்பத்தின் பாட்டன் நூலுக்குள் வந்துவிடுவார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தேசிய நூலகம் இலவசமாகவே தருகிறது. யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டாம். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரதிகளை ஒப்படைக்க வேண்டிய நூலகங்களில் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

அண்ணா, பட்டியல்களையும் பழைய நூல்களையும் அவர் வாசிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அச்சை வாசிக்க இயலாதவர்கள் நூல்களைத் தமக்கேற்ற வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டம் வழிவிடாதது அரசியலமைப்புக்கு முரண் என்று 2022இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்காண்டாவில் பார்வையற்றோருக்கான தென்னாப்பிரிக்க நூலகம் 1919 முதல் இருக்கிறது. முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள்.

டொங்காட்டிலிருந்து:

அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பது அரிது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் "கொ" உடைந்து, ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியே நிற்கும். யூனிகோடு எழுத்துருவைப் பிடிஎஃப்-க்குள் பதித்தே அனுப்புங்கள். கூடவே சரிபார்த்த ஒரு பக்கத்தைப் படமாகக் கொடுத்து, "இதுபோல் வராவிட்டால் நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் 200 பிரதி அடிக்கச் சொல்லாதீர்கள்.

160 பக்கம் என்றால் 80 தாள்; சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் நூலின் முதுகுத் தடிமன் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். அட்டை வரைபவருக்கு இது முதலிலேயே தெரிய வேண்டும். மதிப்பீட்டில் 15% வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே புத்தகத்துக்கும் அந்த வரி உண்டு.

வாசகர்களும் ஆசிரியரின் வயதுக்காரர்களே. பளபளப்பில்லாத இளமஞ்சள் தாளில், 16 புள்ளி எழுத்தில் அடித்தால் அவர்கள் முழுதாகப் படிப்பார்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து மீண்டும்:

வெளியீட்டு விழாவில் நூலில் கையெழுத்துக் கேட்பார்கள். தடித்த அட்டையில் 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாளரம் வெட்டி, தலைப்புப் பக்கத்தில் வைத்து, அதன் இடது ஓரத்தில் அவர் விரலை வைத்துவிடுங்கள். மை பேனாவில் எழுதி அட்டையை எடுத்தால் எழுத்து இழுபட்டுவிடும். பந்துமுனைப் பேனா கொடுங்கள்.