ஈரத் தரிசில் புதர் எடுத்தவர்கள் வாருங்கள், டிராக்டரோடு பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

கண்மாய்க்கரை (சிவகங்கை):

மூன்று வருசம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மடைக்குக் கீழே எங்களுக்கு இரண்டேகால் ஏக்கர் தாழ்வு. நெல்லுக்கும் சரிப்படாது, தை வரை கால் வைத்தால் தண்ணீர் கசியும், அப்பா காலத்தில் மாடுகள் முழுநாளும் அங்கேதான் கிடக்கும். நான் வெளியூர் போன பத்து வருசத்தில் மொத்தமும் சீமைக்கருவேலம். ஜேசிபிக்குக் கொடுக்கப் பணம் இல்லை, வீட்டில் பழைய மாசி 1035 டிராக்டர் நின்றது, சங்கிலி இருந்தது, போதும் என்று இறங்கிவிட்டோம்.

சின்னத் தூர்கள் முப்பது நாற்பது மளமளவென்று வந்தன. அந்தத் தைரியம்தான். வரப்போரம் தொடைப் பருமனில் ஒன்று, கீழ்க் கொக்கியில் மாட்டி இழுத்தால் அசையவில்லை. கொஞ்சம் மேலே தூக்கி இழுத்தால் வேர் கிளம்பும் என்றார் மச்சான். பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் சங்கிலியைப் போட்டோம். முதல் கியர், கிளட்சை மெதுவாகத்தான் விட்டேன். சங்கிலி விறைத்தது, இன்ஜின் சத்தம் மாறியது, அவ்வளவுதான். எதிரே இருந்த கருவேலங்காடு காணாமல் போய் பானட்டுக்கு மேலே வெறும் வானம். ஒரு கொக்கு குறுக்கே பறந்தது. அந்தக் கொக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கிளட்சை எப்போது மிதித்தேன் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. தொம்மென்று முன்சக்கரம் விழுந்ததில் நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். மச்சான் ஒன்றும் பேசாமல் போய்ச் சங்கிலியைக் கழற்றினார். வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ஓடம்போக்கி (திருவாரூர்):

தம்பி, உயிரோடு எழுதுகிறீர்கள், அதுவரை நல்லது. பின் அச்சுக்கு மேலே சங்கிலி போட்டால் வண்டி மரத்தை இழுக்காது, மரம்தான் வண்டியைப் பின்னால் சாய்க்கும். இது உங்கள் மச்சானுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் கதை வேறு. எங்களுக்குக் கருவேலம் இல்லை, நெய்வேலிக் காட்டாமணக்கு. வடிவாய்க்கால் ஓரம் முக்கால் ஏக்கர், எருமை மேய்ந்த இடம், ஆள் உயரத்துக்கு ஊதாப் பூவோடு அடைத்துக்கொண்டு நின்றது. வெட்டினால் கூலி கட்டுபடியாகவில்லை. ரோட்டவேட்டர் மாட்டி ஒரே மூச்சில் அரைத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம். நிலம் மாவு சலித்த மாதிரி கிடந்தது, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஐப்பசியில் இரண்டு மழை. பதினைந்து நாள் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், தண்டுத் துண்டு ஒவ்வொன்றும் விரல் நீளம், ஒவ்வொன்றிலும் இரண்டு பச்சை இலை. குனிந்து ஒன்றை இழுத்தேன், கீழே வெள்ளை வேர். முன்பு நூறு தூர் இருந்த இடத்தில் நானே என் டீசலைப் போட்டுப் பத்தாயிரம் பதியன் நட்டு வைத்திருக்கிறேன். வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்ய.

கொறங்காடு (தாராபுரம்):

எனக்கு நடந்தது ஒரே பஞ்சர்தானுங்க. புது டயர், முதல் நாளே நாலு இடத்தில் முள். பஞ்சர் கடைக்காரர் டயரைத் தண்ணீர்த் தொட்டியில் சுற்றச் சுற்றக் குமிழ் வந்துகொண்டே இருந்தது, அவருக்கே பரிதாபமாகிவிட்டது.

ஆனால் மேலே இரண்டு பேரும் செய்ததைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில், கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டாதீர்கள், ஒன்றுக்கு ஆறாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஒரு அடி ஆழத்தில், துளிர்விடும் கழுத்துக்குக் கீழே வேர் அறுபட வேண்டும். 2017ல் கருவேலத்தை எடுக்கச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு வந்தபோது ஊருக்கு ஊர் வண்டி ஓடியதே, வேரோடு எடுக்காமல் மேலே சீவிவிட்டுப் போன இடமெல்லாம் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக நின்றது. அப்புறம் நெற்று. மாடு நெற்றைத் தின்றால் விதை செரிக்காது, சாணியோடு விழுந்து அந்தச் சாணியே எருவாகி முளைக்கும். ஆகவே நெற்று உதிரும் காலத்தில் வெளி மாட்டை உள்ளே விடாதீர்கள். பின்டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினால் இழுவை கூடும். மேய்ச்சல் என்றால் எங்கள் ஊர்க் கொறங்காட்டைப் பாருங்கள், கிளுவை வேலி போட்டு, காட்டைத் தடுத்துத் தடுத்து, மாடுகளை மாற்றி மாற்றி விடுவோம். கொழுக்கட்டைப் புல் ஒரு தடவை பிடித்தால் வருசக்கணக்கில் நிற்கும். காங்கேயம் மாடு சும்மா வளரவில்லை. எல்லாரும் கொழுக்கட்டைப் புல் விதையுங்கள். இன்னொன்று, சீமைக்கருவேலத்தை யாரோ நேற்று கொண்டுவந்து போட்டதாகப் பேசுகிறார்கள், அது 1877லேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. நம் பக்கம் காடு காடாக விதைத்ததுதான் பின்னால் நடந்தது.

ஓடம்போக்கி (திருவாரூர்):

அண்ணா, தலைப்பில் ஈரத் தரிசு என்று இருக்கிறது. கொழுக்கட்டைப் புல் எங்கள் நிலத்தில் ஒரு வாரம் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். இங்கே எருமைப்புல்லும் கோரையும் அறுகும்தான். டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடையைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினால் வண்டியை எடுக்க உங்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மதுராந்தகத்துக்காரன்:

எடையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஏரி உள்வாயை ஒட்டிய பட்டா நிலம், சம்புப் புல்லும் கோரையும் கருவேலமும் கலந்து கிடந்தது. மாசி மாதம், மேலே காய்ந்து வெடித்திருந்தது, நடந்து பார்த்தேன், சைக்கிள் ஓட்டிப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. டிராக்டர் இருபது அடி போனது. பிறகு முன்னால் இருந்த தரை கம்பளத்தை உதறின மாதிரி ஒரு அலை அடித்தது. தரை அலை அடித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மேலே ஒரு சாண் வேர்ப்பின்னல், கீழே முழுக்க உளை. பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, வண்டி பிரசவ வலியெடுத்த எருமை மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. அச்சு வரை போய்விட்டது. எடுக்க வந்த இரண்டாவது வண்டியும் பாதி இறங்கியது. கரைமேல் நின்று மூன்றாவது வண்டி கம்பி வடம் போட்டு இழுத்தபோது ராத்திரி பத்து மணி, ஊரே டார்ச்சோடு நின்று யோசனை சொன்னது.

சம்புக்கு வண்டியே வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் நிற்கும்போது அரிவாளால் நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டால் போதும். அடிக்கிழங்கு மேலே இருக்கும் தாள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது, அறுத்த வாய் நீருக்குள் இருந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

தெற்குத்தெரு மகள் (ராமநாதபுரம்):

எங்கள் அப்பா விட்டுப்போன நிலம், ஊருணிக்குப் பக்கத்தில், ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வாடகைக்கு முன்னால் டோசர் தகடு மாட்டிய டிராக்டர். மணிக்கு இவ்வளவு என்று பேசியிருந்ததால் வெயிலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் வண்டி திடீரென்று நின்றது. டீசல் தீர்ந்துவிட்டதோ என்று போனேன். டிரைவர் அண்ணன் இறங்கி நிற்கிறார், தகட்டுக்கு ஒரு முழம் முன்னால் பெண்மயில், அடியில் முட்டை. இவ்வளவு சத்தத்துக்கும் அது எழுந்திருக்கவில்லை, கழுத்தை மட்டும் தரையோடு நீட்டி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. “அக்கா, நீங்க காசைக் குறைச்சாலும் சரி, இதுல நான் ஏத்த மாட்டேன்” என்றார். அந்தப் புதரைச் சுற்றி ஐந்து சென்ட் விட்டுவிட்டோம். அந்த முகம் இப்போதும் கண்ணுக்குள் வரும். முட்டை பொரித்ததா என்று தெரியாது. அடுத்த வாரம் போனபோது ஓடு மட்டும் கிடந்தது, பொரித்த ஓடா கீரி குடித்த ஓடா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கொறங்காடு (தாராபுரம்):

அம்மணி, மயிலுக்கு விட்டது சரி, ஆனால் குஞ்சு போனதும் அந்த ஐந்து சென்ட்டையும் எடுத்திருக்க வேண்டும். விதைக் கிடங்கை நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிலும் சுத்தம் செய்து என்ன பயன்? மயில் எங்கள் பக்கம் சோளக்காட்டையும் தக்காளியையும் என்ன செய்கிறது என்று வந்து பாருங்கள்.

தெற்குத்தெரு மகள் (ராமநாதபுரம்):

அண்ணா, எடுத்தாயிற்று. போன கோடையில், நானே கடப்பாரை வைத்து. முள் குத்தி உள்ளங்கை இரண்டு வாரம் வீங்கியிருந்தது. மயிலைப் பற்றி இங்கே பேச வரவில்லை.

குளக்கட்டு (முல்லைத்தீவு):

நாங்கள் புதரைப் பற்றை என்போம். போர் முடிந்து 2010இல் மீளக் குடியேறியபோது வயல், வளவெல்லாம் மிதிவெடி இருக்கிறதா என்று பார்த்து விட்டிருந்தார்கள், குளத்துக்குப் பின்னால் மாடு மேயும் தரவை மட்டும் பற்றையாகவே கிடந்தது. அதுவும் பார்த்த இடம்தான் என்று ஒருவர் சொன்னார், அதை நம்பி உழவு மெசின் இறக்கினோம். ஓட்டியவர் என் சித்தப்பா. கொஞ்ச நேரத்தில் கலப்பையில் ணங் என்று ஒரு சத்தம். சித்தப்பா மெசினை நிற்பாட்டினார். கீழே இறங்கினார். பிறகு வந்த சில்லடையாளத்துக்குள்ளேயே ஒரு காலுக்கு முன்னால் மறுகால் வைத்து நடந்து வந்தார். அறுபது யார், நீங்கள் கெஜம் என்பீர்களே, அவ்வளவு தூரம் இருக்கும். நாங்கள் ஒருவரும் கூப்பிடவில்லை, இருமவும் இல்லை. கட்டுக்கு வந்து சேர்ந்ததும் வெற்றிலை கேட்டார்.

மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்க்க நாலு நாள் ஆனது. துருப்பிடித்த மண்வெட்டி. யாருடையதோ, பிடி உக்கிப் போயிருந்தது.

ஓடம்போக்கி (திருவாரூர்):

இதற்குமேல் என் காட்டாமணக்குப் புலம்பலை எழுத வெட்கமாக இருக்கிறது. கேட்டவர்களுக்காக மட்டும்: துண்டுகளைக் கையால் பொறுக்கினோம், இரண்டு கோடை, வரப்பில் குவித்துக் காயவைத்துக் கொளுத்தினோம். பச்சையாக வாய்க்காலில் வீசாதீர்கள், கீழ்மடைக்காரன் திட்டுவான். சுத்தமான பிறகு ஆட்டை விட்டேன், அது அடுத்த தப்பு. நத்தை உள்ள ஈர நிலம், மூன்று ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் தொங்கியது, கால்நடை மருத்துவர் ஈரல் தட்டைப்புழு என்றார். இரண்டு பிழைத்தது. இப்போது எருமை மட்டும்தான் விடுகிறேன், அதற்கும் மழைக்கு முன்னும் பின்னும் பூச்சிமருந்து.

கண்மாய்க்கரை (சிவகங்கை):

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். கொறங்காடு அண்ணன் கேட்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்தத் தொடைப் பருமன் மரம் இன்னும் எடுக்கவில்லை. பங்குனியில் மண் கல்லாகிவிடுகிறது, வேர் வராது, தையில் வேர் வரும், வண்டி நிற்காது. பட்டையில் சங்கிலி அறுத்த தழும்பு அப்படியே இருக்கிறது, மாடு அதில்தான் கழுத்தைச் சொறிந்துகொள்கிறது. இந்த வருசம் ஜேசிபி சொல்லிவிடலாம் என்கிறார் மச்சான். சரி என்றேன், நாள்தான் இன்னும் சொல்லவில்லை.