தராசைக் காணோம்

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

நான்: தாத்தா கார் எஞ்சினுக்கு நாளை காலைக்குள் பார்ட்ஸ் பட்டியல் கொடுக்க வேண்டும். எந்தப் பிஸ்டன், அதைச் சுழலும் கிராங்க் தண்டோடு இணைக்க எந்த ராடு? யாராவது முடிவு சொல்லுங்கள்.

சித்தப்பா: எது லேசோ அது

பெரியப்பா: போன தடவையும் இப்படித்தான் சொன்னாய். ராடு எஞ்சின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

சித்தப்பா: ஆரம்பித்தாயிற்று 🙏

அத்தை: என் டிஜிட்டல் தராசை யார் எடுத்தது? அடுப்பங்கரையில் காணோம்.

நான்: 📷 பழைய ராடு நான்கையும் நிறுத்தேன். 583, 584, 591, 583 கிராம்.

அக்கா: படத்தில் இருப்பது யார் தராசு 😂

பெரியப்பா: 591 மூன்றாவது சிலிண்டர்தானே? பிளாக் மாற்றியபோது போட்டது. மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது. பெரிய முனை கிராங்கோடு சுற்றும், சின்ன முனை பிஸ்டனோடு ஏறி இறங்கும். இரண்டையும் தனித்தனியாக நிறுத்துச் சமப்படுத்த வேண்டும்.

அக்கா: அப்போ லேசு முக்கியமா இல்லையா?

பெரியப்பா: கேள். நம் எஞ்சினில் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 86 மி.மீ. பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பிஸ்டன் பின், ரிங், ராடின் சின்ன முனை எல்லாம் சேர்த்து அரை கிலோ என்று வை. 7000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7000 சுற்றில், பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது அந்த அரை கிலோ ஏறத்தாழ ஒன்றரை டன்னாக இழுக்கும். ஒரு கிராம் குறைத்தால் மூன்று கிலோ மிச்சம். அதனால் லேசு நல்லதுதான். ஆனால் 8000க்குப் போனால் அந்த இழுவை இன்னும் 30 சதவீதம் கூடும். புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கில் மேலிருந்து அமுக்க எரியும் வாயுவும் கிடையாது, அத்தனை இழுவையும் ராடு போல்ட்டில்தான் விழும். ராடு உடைந்தது என்கிறோம், பல நேரம் முதலில் போவது போல்ட். முதலில் நல்ல போல்ட், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

அம்மா: 👍

சித்தப்பா: டைட்டானியம் போடலாமே. ஹோண்டா என்எஸ்எக்ஸில் 1990லேயே கம்பெனியே போட்டது.

பெரியப்பா: போட்டது. ஸ்டீலை விட எவ்வளவோ லேசுதான். ஆனால் கிராங்கோடு பக்கவாட்டில் உரசினால் கடித்துக்கொள்ளும், கோட்டிங் வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே விரிசல் விடும். ஸ்பேனரைத் தூக்கிப் போடும் உன் கையில் அதைக் கொடுக்க மாட்டேன்.

நான்: பிஸ்டன் எந்த அலுமினியக் கலவை, 4032ஆ, 2618ஆ? டர்போ இல்லை.

பெரியப்பா: அப்போ 4032. சிலிக்கான் 12 சதவீதம் போல இருப்பதால் சூட்டில் குறைவாக விரியும், சிலிண்டர் சுவரோடு இடைவெளியை நெருக்கி வைக்கலாம். 2618 அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும் என்று இடம் விட வேண்டும். காலையில் எஞ்சின் சூடேறும் வரை டக்டக் என்று தட்டும்.

அம்மா: இவர் ஓட்டினால் எப்போதுமே தட்டுமே

சித்தப்பா: அண்ணி நீங்களுமா. எஞ்சின் சுற்று எல்லை மீறாமல் தடுக்க லிமிட்டர் இருந்தது, நான் என்ன செய்ய?

பெரியப்பா: ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்குப் பதில் இரண்டைப் போட்டால் லிமிட்டர் என்ன செய்யும்? அது பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதை யார் நிறுத்துவது?

சித்தப்பா: பதினொரு வருஷம் ஆயிற்று

அத்தை: அப்பா மூன்று வாரம் ஷெட் பக்கமே போகவில்லை.

அத்தை: தராசு.

நான்: ராடு 4340 ஸ்டீல், சரி. வடிவம் ஹெச்-பீமா ஐ-பீமா?

சித்தப்பா: ஹெச்

பெரியப்பா: நன்றாகச் செய்திருந்தால் எதுவும் சரி. போல்ட்டை, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சை மட்டும் நம்பி முறுக்காதே. முறுக்கும் முன்னும் பின்னும் நீளத்தை அள, எவ்வளவு நீண்டது என்பதுதான் கணக்கு.

நான்: டார்க் ரெஞ்ச் யாரிடம்?

அக்கா: 👀

சித்தப்பா: அது அண்ணன் எனக்குக் கொடுத்தது

பெரியப்பா: இரவல்.

நான்: 4032 பிஸ்டன், 4340 ராடு. எழுதிவிடட்டுமா?

பெரியப்பா: பிஸ்டனை எழுது. ராடு பற்றிக் காலையில் போன் செய்கிறேன், பிஸ்டன் பின்னின் அளவு பார்க்க வேண்டும்.

சித்தப்பா: டைட்டானியம் விலை மட்டும் கேட்டு வை

நான்: அத்தை, தராசைத் துடைத்துவிட்டேன். ஆனால் பிஸ்டன் நான்கையும் இன்னும் நிறுக்கவில்லை.

அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது