ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு பொருள்: கல்வெட்டுக்கு உதவி தேவை

பெரியப்பாவின் அந்தியேட்டிக் கல்வெட்டுக்கு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்) ரொறன்ரோவில் இருக்கும் அக்கா ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். தமிழாக்குவது என் பொறுப்பு. மூன்று நாளாக ஒரே வரியில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை சுன்னாகத்தில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

வரி இதுதான்: பெரியப்பா ஊருக்கெல்லாம் 'கிரெடிட்' கொடுத்தார், தனக்கென்று 'கிரெடிட்' எடுத்ததே இல்லை. முதலாவது கடைக்கடன், இரண்டாவது செய்த நன்மைக்கான நல்ல பெயர்.

'கடன்' என்று போட்டேன். பின்பாதி, அவர் யாரிடமும் கடன் வாங்காதவர் என்று மாறிவிட்டது. 'பெருமை' முன்பாதியில் ஒட்டவில்லை. கணக்கீடு படிக்கும் தம்பியைக் கேட்டேன். எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் 'கிரெடிட்' என்பது 'செலவு', தமிழ்நாட்டில் 'வரவு' என்கிறான். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேற்றில் வரும் 'சீ' (C) தரமும் இதே சொல்தான், அங்கே 'திறமைச் சித்தி'. இன்னும் குழம்பினேன்.

அகராதியில் தேடினால் அடி வேர் லத்தீனில் 'நம்புதல்'. சரி, இதுதான் பெரியப்பா என்று பட்டது. அவருடைய கடன் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது. மட்டையில் தேங்காயெண்ணெய்க் கறை. பல பெயர்களுக்கு நேரே திகதி இல்லை, 'வெங்காயம் வித்தபிறகு' என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஆனால் 'நம்பிக்கை கொடுத்தார்' என்று எழுதினால் கடையே காணாமல் போகிறது.

கடைக்கடனையும் நல்ல பெயரையும் சேர்த்துத் தாங்கும் ஒரு தமிழ்ச் சொல்லோ ஊர்வழக்கோ உங்களுக்குத் தெரியுமா?