சொல் வேண்டும்: ஸ்விட்சில் ‘டைம்சோன்’ என்பது நேரவலயம்தானா?

வணக்கம்.

கணினி வலையமைப்பு ஸ்விட்சின் கடிகாரம் பற்றிய கையேட்டைத் தமிழாக்கும்போது ஒரு முடிச்சு. ‘டைம்சோன்’ வரும் இடமெல்லாம் ‘நேரவலயம்’ என்று போட்டால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்வார்.

சிஸ்கோ நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். இயங்குதளம் ஓடும் ஸ்விட்சில் தரும் கட்டளை ‘கிளாக் டைம்சோன் ஐ.எஸ்.டி. 5 30’. இதில் ஊரும் இல்லை, நாடும் இல்லை. ஐ.எஸ்.டி. (இந்திய நேரம்) என்பது திரையில் காட்டுவதற்கான ஒட்டுச்சீட்டு மட்டுமே. அங்கே வேறு எழுத்துகளைப் போட்டாலும் கணக்கு மாறாது. வேலை செய்வது 5, 30 என்ற இரண்டு எண்கள்தாம்: யு.டி.சி. எனும் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். 30-ஐ விட்டுவிட்டால் கடிகாரம் அரைமணி பின்தங்கும்.

ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸ் இயங்குதளம் ஓடும் ஸ்விட்சில் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று இடத்தின் பெயரையே கொடுக்கிறோம். அதுதான் உண்மையில் நேரவலயம். இரண்டுக்கும் ஒரே சொல் போதாது. முன்னதற்கு ‘வலய வேறுபாடு’ என்று முன்மொழிகிறேன். “சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டரை மணி வித்தியாசம்” என்று எல்லாரும் சொல்வதுதானே?

—

> இரண்டுக்கும் ஒரே சொல் போதாது

உடன்படுகிறேன். இலங்கையே சான்று. 1996 மே மாதம் கடிகாரத்தை 6:30-க்கு நகர்த்தினார்கள், அதே அக்டோபரில் 6:00 ஆக்கினார்கள், 2006 ஏப்ரலில் மீண்டும் 5:30. வலயம் கொழும்புதான், மாறியது வேறுபாடு. இடப்பெயரை வைத்து ஓடும் கருவிக்கு வலயத் தரவுத்தளத்தைப் புதுப்பித்தால் போதும். எண்ணை எழுதிய ஸ்விட்சிலோ ஒவ்வொன்றாக உள்நுழைந்து கையால் மாற்ற வேண்டும்.

‘நேர மண்டலம்’ என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு அது வேண்டாம். மண்டலம் என்றாலே நமக்கு 48 நாள் விரதக் கணக்கு. நேரத்தைப் பற்றிய சொல்லிலேயே இன்னொரு கால அளவு புகுந்து குழப்பும். வலயம் தமிழகம், இலங்கை என இரு கரையிலும் புரியும்.

ஆனால் ‘வேறுபாடு’ என்று தனியாக எழுதிவிடாதீர்கள். என்.டி.பி. (வலையமைப்பு வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் நெறிமுறை) நிலையைப் பார்க்கும் திரையில் ‘ஆஃப்செட்’ என்று ஒரு நிரல் வரும். அது வழங்கியின் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளி, மில்லிநொடியில். அதையும் வேறுபாடு என்றால் 5:30 மணியும் 3 மில்லிநொடியும் ஒரே பெயரில் நிற்கும். அதற்குக் ‘கடிகாரப் பிசகு’ எப்படி? அச்சகத்தார் ஆஃப்செட்டுக்குச் சொல்லும் ‘மறுதோன்றி’ இங்கே ஒட்டவே ஒட்டாது.

—

> அதற்குக் ‘கடிகாரப் பிசகு’ எப்படி?

நன்றாக இருக்கிறது. பிசகு என்றால் சரிசெய்ய வேண்டியது. வலய வேறுபாடு சரிசெய்ய வேண்டியதல்ல, அது இருந்தே ஆக வேண்டும். கடிகாரம் நாளுக்கு நாள் மெல்ல விலகிப்போவதை ‘நழுவல்’ எனலாம். நழுவல் சேர்ந்து சேர்ந்துதான் பிசகாகிறது.

மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனை கை மாறி நேரம் வருகிறது என்று காட்டும் ‘ஸ்ட்ராட்டம்’ என்பதை ‘அடுக்கு’ ஆக்காதீர்கள். ‘இரண்டாம் அடுக்கு ஸ்விட்ச்’ என்ற வழக்கோடு மோதும். ‘படி’ போதும். 16-ஆம் படி என்றால் ஒத்திசைவே இல்லை என்று பொருள்.

கையேட்டில் வரிசையும் முக்கியம். முதலில் வலய வேறுபாடு, பிறகுதான் நேரத்தைக் கையால் வைக்கும் ‘கிளாக் செட்’. ஸ்விட்ச் உள்ளே யு.டி.சி. நேரத்தைத்தான் வைத்திருக்கிறது. ‘கிளாக் செட்’ கட்டளையில் தரும் நேரத்தை அப்போதைய வேறுபாட்டின்படி புரிந்துகொள்ளும். வேறுபாடு எழுதாமல் காலை 10:00 என்று கொடுத்துவிட்டுப் பின்னால் 5 30 சேர்த்தால் திரையில் 15:30 வரும். இன்னொன்று: வேறுபாடு அமைப்புநிலையில் (கான்ஃபிக் மோட்) எழுதிச் சேமிப்பது, ‘கிளாக் செட்’ அதற்கு வெளியே தருவது. சிஸ்கோ 2960 போன்ற ஸ்விட்சுகளில் கடிகாரத்துக்கு மின்கலம் இல்லை. மின்சாரம் போய் வந்தால் 1993 மார்ச் 1-இலிருந்து ஓடத் தொடங்கும். நேரத்துக்கு முன் உடுக்குறி (*) இருந்தால் அந்த நேரத்தை நம்பக் கூடாது. ஆகவே என்.டி.பி. கட்டாயம், ஃபயர்வாலில் அது பயன்படுத்தும் யு.டி.பி. 123 (போர்ட்) திறந்திருக்க வேண்டும்.

என்.டி.பி. கொண்டுவருவது யு.டி.சி. மட்டுமே. “என்.டி.பி. போட்டும் ஐந்தரை மணி பிந்துகிறது” என்று வரும் புகார்களில் பிசகு சுழியமாகவே இருக்கும், விடுபட்டது வலய வேறுபாடு. இரு சொற்களும் பிரிந்திருந்தால் அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

—

> விடுபட்டது வலய வேறுபாடு

ஏற்கிறேன். ஒரு சேர்க்கை: வேறுபாட்டைச் சரியாக எழுதிய பிறகும் ஸ்விட்சின் பதிவேட்டில் (லாக்) யு.டி.சி. நேரமே வரும். ‘சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம்’ வரியின் கடைசியில் ‘லோக்கல்டைம்’ சேர்த்தால்தான் உள்ளூர் நேரம். ‘ஷோ டைம்சோன்’ சேர்த்தால் ஒட்டுச்சீட்டும் கூடவே அச்சாகும். பல நாட்டுக் கிளைகளின் பதிவுகளை ஓரிடத்தில் சேர்ப்பவர்கள் யு.டி.சி.யாகவே விட்டுவிடுவது நல்லது.

அந்த ஒட்டுச்சீட்டுக்கு ‘வலயக் குறி’ என்று எழுதப்போகிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.