மண்ணைக் கண்டு மிரண்ட ஊரில் மண்கல் வீடு

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு தொண்டுக் குழுவோடு வீடு கட்டும் வேலைக்குப் போயிருந்தேன். மலை கிராமம். கல்லை மண் சாந்தில் அடுக்கிய வீடுகள்தான் அங்கே அதிகம். குலுக்கலில் சுவர் பிரிந்து, உள்ளே இருந்தவர்கள் மேலேயே சரிந்திருக்கிறது. அந்த ஊரில் போய் மண்கல்லால், அதாவது மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் சுடாத கல்லால், வீடு கட்டலாம் என்றோம்.

ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார்: "என் மாமியாரைக் கொன்றதே மண்தான். எனக்கும் அதையே கட்டப் போகிறீர்களா?"

பேசிப் புரியவைக்கிற விஷயமா இது? கொத்தனார்கள் வேலையைக் காட்டினார்கள். மேல்மண் உதவாது, அதை ஒதுக்கி, அடிமண்ணைத் தோண்டிச் சலித்து, பத்துக்கு ஒரு பங்கு போல சிமெண்ட் கலந்து கை அழுத்து இயந்திரத்தில் போடுவார்கள். நெம்புகோலை இழுக்க இரண்டு பேர் தொங்க வேண்டும். ஆண்கள் பலர் வளைகுடாவில் இருந்ததால், இழுத்தது பெரும்பாலும் பெண்கள். சூளை கிடையாது, விறகும் மிச்சம். சில வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் விட்டு எடுத்த கல் ஒன்றை அந்த அம்மாவிடமே கொடுத்தோம். ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைத்தார், காலையில் இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். ஒரு மூலை சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் அவர் கேட்டது: "கம்பி எத்தனை?" சரியான கேள்வி. கல்லை மட்டும் நம்பி அந்த வீடு நிற்பதில்லை. மூலைகளில் கல்லின் துளை வழியே மேலேறும் கம்பியும், ஜன்னல் அடியிலும், கதவு ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும் வீட்டைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையும்தான் சுவரைப் பிரியவிடாமல் பிடிக்கும்.

வீடு கட்ட அரசு அப்போது கொடுத்த மானியம் 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணை. முதல் தவணையில் போட்ட அஸ்திவாரத்தைப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்தது. மானியத்தை வாங்குவதற்காகவே ஒற்றை அறை கட்டிவிட்டு, பழைய தகரக் கொட்டகையிலேயே சமைத்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. சாவி கொடுக்கும் விழாக்களுக்குச் செலவழிப்பதைவிட, உள்ளூர் கொத்தனார் நான்கு பேரைப் பழக்குவது மேல் என்று எனக்கு அங்கேதான் தோன்றியது.

அந்த அம்மா வீடு முடிந்ததும், மண் நிறம் தெரியவே கூடாது என்று வெளிச்சுவர் முழுக்கப் பூசி நீலம் அடிக்கச் சொன்னார். எங்கள் கட்டடக் கலைஞருக்கு மனசே இல்லை. நான் அம்மா பக்கம். பூச்சுக்கான சிமெண்டைக் கணக்கில் ஏற்றத்தான் குழு அலுவலகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.