41 மெகாபைற் ஐசிஎஸ் கோப்பு: இறக்குமதி ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது

உப்புவெளிக்காரன்:

வணக்கம். திருகோணமலையில் ஒரு சங்கத்தின் மண்டபத்துக்கும் அதனோடு சேர்ந்த விருந்தினர் அறைகளுக்குமான முன்பதிவுகளை 2003 ஆம் ஆண்டிலிருந்து அலுவலகக் கணினியிலுள்ள நாட்காட்டி மென்பொருளிலேயே பதிந்துவந்தோம். செயலாளரும் காவலாளியும் தத்தம் கைபேசியில் பார்க்கவேண்டும் என்பதால், வாடகைச் சேவையகம் ஒன்றில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இயங்கும் இணையவழிக் கூட்டுப்பணி மென்பொருளுக்கு இப்போது மாறுகிறோம்.

பழைய மென்பொருள் தந்த ஐசிஎஸ் கோப்பு (நாட்காட்டி நிகழ்வுகளை எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) 41 மெகாபைற். அதில் ஏறத்தாழ 9,000 நிகழ்வுகள் உள்ளன. முதல் முறை அனுப்பியபோது எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் அதே பக்கம் வெறுமையாகத் திரும்பிவந்தது. பதிவேற்ற வரம்பை 64 மெகாபைற்றாக உயர்த்தச் செய்த பின்னர், கோப்பு முழுவதும் ஏறுகிறது. ஆனால் சரியாக ஒரு நிமிடம் கழித்து 504 என்ற எண்ணுடன் பக்கம் நின்றுவிடுகிறது. திறந்து பார்த்தால் 2,300 அளவிலான நிகழ்வுகள்தான் இருக்கின்றன. மறுபடி முயன்றால் அவற்றுட் பல இரட்டையாகின்றன. வரம்பை இன்னும் எவ்வளவு உயர்த்தவேண்டும்?

கன்னியா வெந்நீர்:

உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு வேறு தடைகள். பிஎச்பியில் ஒரு கோப்பின் உச்ச அளவு இயல்பாக 2 மெகாபைற். படிவம் முழுவதற்குமான உச்ச அளவு 8 மெகாபைற். பின்னதைத் தாண்டினால் கோப்போடு படிவத்தின் மற்ற விவரங்களையும் பிஎச்பி கைவிட்டுவிடுவதால், எதுவுமே அனுப்பப்படவில்லை என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. வெறும் பக்கம் வந்தது அதனாலேயே. பிஎச்பிக்கு முன்னால் நிற்கும் இணையச் சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸ் தடுத்திருந்தால், அளவு மிகுதி என்பதைக் குறிக்கும் 413 என்ற எண் வந்திருக்கும்.

504 அளவைப் பற்றியதன்று, நேரத்தைப் பற்றியது. பின்னாலிருக்கும் பிஎச்பியின் பதிலுக்காக என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 நொடிதான் காத்திருக்கும். பக்கம் நின்றதனால் இறக்குமதியும் நின்றுவிட்டது என்று கொள்ள முடியாது. பின்னணியில் அது சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அந்நேரத்தில் நீங்கள் மறுபடி பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாக ஓடும். சில மென்பொருள்கள் ஒவ்வொரு இறக்குமதியிலும் நிகழ்வுகளுக்குப் புதிய அடையாள எண் இடுவதும் இரட்டிப்புக்குக் காரணமாகும். ஆகவே அந்த நாட்காட்டியை நீக்கிவிட்டு, புதிதாக ஒரு பரீட்சார்த்த நாட்காட்டியில் தொடங்குங்கள்.

வரம்பைவிட என் கண்ணில் உறுத்துவது வேறொன்று. 9,000 நிகழ்வுக்கு 41 மெகாபைற் என்றால் ஒன்றுக்கு நாலரை கிலோபைற் வருகிறது. சாதாரண நிகழ்வு ஒன்று ஒரு கிலோபைற்றைக்கூட எட்டாது. பற்றுச்சீட்டு ஏதேனும் உள்ளே இணைத்திருக்கிறீர்களா? ஐசிஎஸ் கோப்புக்குள் வைக்கும் படம் பேஸ்64 என்ற குறியாக்கத்தில் எழுத்தாக மாறுவதால் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும்.

உப்புவெளிக்காரன்:

ஆம் ஐயா, முற்பணப் பற்றுச்சீட்டுகளை ஸ்கேன் செய்து இணைத்திருந்தோம். அவற்றைத் தனியே எடுத்து வைத்தபின் கோப்பு 7 மெகாபைற் ஆனது. மருமகன் எழுதித்தந்த சிறு நிரலால் ஆண்டுவாரியாகப் பிரித்து ஏற்றினேன், 504 வரவில்லை. ஆனால் மூன்று புதிய குறைகள். ஞாயிறு நடன வகுப்பு நாள் மாற்றிய வாரங்களில் இரண்டு நாளிலும் தெரிகிறது. சில பெயர்களின் நடுவே கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரங்கள் வந்துள்ளன. 2006 இற்கு முந்திய நிகழ்வுகள் யாவும் அரைமணி பிந்திக் காட்டுகின்றன.

மூதூர்க்காரி:

முதல் இரண்டும் நிரலின் வேலை. தொடர் நிகழ்வில் ஒரு வாரத்தை மட்டும் மாற்றினால், அதே அடையாள எண்ணுடன் தனி நிகழ்வொன்று கோப்பில் எழுதப்படும். தொடர் 2011 இல் தொடங்கி, நாள் மாற்றம் 2014 இல் நடந்திருந்தால், உங்கள் பிரிப்பில் அவை இரண்டு கோப்புகளுக்குப் போய்விடுகின்றன. மாற்றம் தாயை அறியாத தனி நிகழ்வாகப் பதிய, தொடர் பழைய நாளிலேயே நிற்கிறது. அடையாள எண் ஒன்றாக உள்ளவற்றை ஒரே துண்டில் வைத்து, 500, 500 ஆகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பு வரிகளும் நேரவலயப் பகுதியும் வேண்டும்.

சாய்சதுரத்தின் கதை சுவையானது. ஐசிஎஸ் கோப்பில் ஒரு வரி 75 பைற்றைத் தாண்டலாகாது என்பதால், நீண்ட வரியை உடைத்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியுடன் தொடங்குவார்கள். யுனிகோட் தமிழில், யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு குறிக்கும் 3 பைற் செலவாகும். ‘கோ’ என்றால், ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு சேர்வதால், 6. எழுத்தைப் பாராமல் பைற்றை மட்டும் எண்ணும் பழைய மென்பொருள், குறியின் நடுவிலேயே வெட்டிவிடும். நிரல் வரிவரியாக வாசித்தால் இரு பாதியும் கெடும். முதலில் பைற் நிலையிலேயே உடைந்த வரிகளை ஒட்டிவிட்டு, பிறகு எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அரைமணிக்கு மருமகன் பொறுப்பில்லை. இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்றுதான் உலகப் பொது நேரத்தோடு இருந்த ஆறு மணிநேர வேறுபாட்டிலிருந்து இன்றைய ஐந்தரைக்குத் திரும்பியது. உங்கள் கோப்பிலுள்ள நேரவலயப் பகுதி எல்லா ஆண்டுக்கும் ஐந்தரை என்றே சொல்கிறது போலும். புதிய மென்பொருளோ 2004 இற்கு ஆறு என்று சரியாக அறிந்திருக்கிறது. இடைவெளி அங்கேதான். நேரவலயப் பெயரைக் கோப்பு முழுவதும் ஏசியா/கொலம்போ என்று, ஆங்கில எழுத்தில், மாற்றிப் பாருங்கள். அப்பெயரைக் கண்டால் பல மென்பொருள்கள் தம்மிடமுள்ள வரலாற்றையே எடுத்துக்கொள்ளும்.

உப்புவெளிக்காரன்:

மிக்க நன்றி, அம்மா. 18 துண்டுகளும் ஏறிவிட்டன. 2004 ஆம் ஆண்டுப் பதிவேட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், 9.30 என்று காட்டிய திருமணங்கள் 9.00 இற்கு வந்துவிட்டன. ஆரம்ப ஆண்டுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. கோப்பை அப்படியே, பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் போடலாமா?

கன்னியா வெந்நீர்:

வேண்டாம். முழுக் கோப்பையும் போட்டால், நிகழ்வு தொடங்கும் வரி, முடியும் வரி எல்லாவற்றையும் அது தமிழாக்கிவிடும். எந்த மென்பொருளும் அதை நாட்காட்டியென்று ஏற்காது. வரிகளை ஒட்டிய பின், தலைப்பு, குறிப்பு ஆகிய இரு வரிகளின் உள்ளடக்கத்தை மட்டும், பாமினியில் எழுதிய நிகழ்வுகளுக்கு மட்டும் மாற்றுங்கள். அடையாள எண்ணைத் தொடாதீர்கள்.